‘தற்காலிகம்’ என்னும் ஏமாற்று: ராஜ்கோட் கேளிக்கை அரங்கத் தீயும் பொறுப்பின் படிநிலையும்

2024 மே 25, சனிக்கிழமை. கோடை விடுமுறைக் காலம். குஜராத் மாநிலம் ராஜ்கோட் நகரின் நானா மவா பகுதியில் இயங்கிய டி.ஆர்.பி. கேம் சோன் என்னும் கேளிக்கை அரங்கில், சலுகை விலையாக 99 ரூபாய்க்கு நுழைவுச்சீட்டு விற்கப்பட்டது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் திரண்டிருந்தன. மாலை ஐந்தரை மணியளவில் உள்ளே தீப்பிடித்தது. சில நிமிடங்களுக்குள் தகரத் தகடுகளால் எழுப்பப்பட்ட அந்த அரங்கம் முழுவதையும் தீ விழுங்கியது. குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தனர். அடையாளம் காண முடியாத அளவுக்கு உடல்கள் கருகியிருந்தன. உறவினர்களிடமிருந்து மாதிரி எடுத்து மரபணுச் சோதனை செய்த பிறகே அவை ஒப்படைக்கப்பட்டன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றபோதிலும் குஜராத் உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. முதல் நோக்கிலேயே இது மனிதர்களால் விளைவிக்கப்பட்ட பேரழிவு என்று கருத்துரைத்தது. அந்த அரங்குக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கவில்லை. உரிமையாளர்களும் மேலாளரும் கைதாயினர். மாநகராட்சியின் நகரமைப்பு, தீயணைப்புப் பிரிவு அலுவலர்கள் சிலரும் பின்னர் கைதாயினர். மாநில அரசு தலா ₹4 லட்சமும், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து தலா ₹2 லட்சமும் இழப்பீடாக அறிவிக்கப்பட்டன. ஊடகங்கள் சில நாட்கள் பேசின. பிறகு அடுத்த செய்திக்கு நகர்ந்தன.

நாம் அவ்வாறு நகர்ந்துவிட முடியாது. ‘வெல்டிங் பொறியால் தீ’ என்ற தலைப்புச் செய்தி, உண்மையின் கடைசிக் கணத்தை மட்டுமே காட்டுகிறது. அதற்கு முந்தைய மாதங்களையும் ஆண்டுகளையும் அது மறைக்கிறது. அந்த ஆண்டுகளைத் திறந்து பார்த்தால் ஒரு சொல் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. அந்தச் சொல் ‘தற்காலிகம்’. கட்டடம் தற்காலிகம் என்பதால் அதற்குச் சட்டம் பொருந்தாது. தொழிலாளி தற்காலிகம் என்பதால் அவருக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் தேவையில்லை. இந்த இரண்டு தற்காலிகங்களும் சந்திக்கும் இடத்தில்தான் மனிதர்கள் நிரந்தரமாக எரிந்துபோகிறார்கள்.

தீயணைப்பு எப்போது தொடங்குகிறது?

தீ என்றதும் நம் மனத்தில் எழுவது சிவப்பு வண்டியும் அதன் மணியோசையும்தான். தீயணைப்பு வண்டி தாமதமாக வந்ததா, தண்ணீர் போதுமானதாக இருந்ததா என்பவையே விவாதமாகின்றன. இவை தேவையான கேள்விகளே. ஆனால் கூட்டம் நிறைந்த கேளிக்கை அரங்கில் உயிர்களைக் காப்பது பெரும்பாலும் வண்டி வருவதற்கு முந்தைய சில நிமிடங்களே.

நகர்ப்புறங்களில் தீயணைப்பு வண்டி 5 முதல் 7 நிமிடங்களுக்குள் சென்றடைய வேண்டும் என்பது இந்தியாவில் முன்வைக்கப்பட்ட அளவுகோல். நெகிழி, ரப்பர், தெர்மோகோல், நுரைப்பஞ்சு ஆகியவை நிறைந்த மூடிய கூடத்தில் தீ அதற்குள் கட்டுக்கடங்காமல் போய்விடும். கூரையின் கீழே திரளும் சூடான புகை ஒரு கட்டத்தில் கீழே உள்ள பொருள்கள் அனைத்தையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றவைக்கிறது. அதற்கு முன்பே கார்பன் மோனாக்சைடும், நுரைப்பஞ்சு எரியும்போது வெளியாகும் ஹைட்ரஜன் சயனைடும் மனிதர்களை மயக்கமுறச் செய்துவிடுகின்றன. பெரும்பாலான தீ விபத்துகளில் முதலில் கொல்வது புகைதான். வண்டி குறித்த நேரத்தில் வந்தாலும், உள்ளே இருப்பவர் ஏற்கெனவே வாசலைத் தேடும் வலுவை இழந்திருப்பார்.

ஆகவே அவசரகாலச் செயல்பாடு என்பது ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி. தீயை உடனே கண்டறிதல், எல்லோருக்கும் கேட்கும்படி எச்சரித்தல், தொடக்கத்திலேயே அணைக்க முயலுதல், மக்களை வெளியேற்றுதல், தீயணைப்புத் துறையைத் தாமதமின்றி அழைத்தல். இந்த ஐந்தும் அரங்கில் வேலை செய்யும் சாதாரணப் பணியாளர்களின் கைகளிலேயே இருக்கின்றன. நுழைவுச்சீட்டு கிழிப்பவர், விளையாட்டுக் கருவியை இயக்குபவர், துப்புரவுப் பணியாளர், காவலாளி ஆகியோரே முதல் மீட்பர்கள்.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவில் ‘சம்மர்லேண்ட்’ என்ற பெரிய பொழுதுபோக்கு மையம் இருந்தது. 1973 ஆகஸ்ட் 2 அன்று அங்குத் தீப்பிடித்தபோது உள்ளே சுமார் 3,000 பேர் இருந்தனர். பணியாளர்கள் தாங்களே அணைக்க முயன்றனர். மக்களை வெளியேற்றும் திட்டமோ அதற்கான பயிற்சியோ அவர்களுக்கு இருக்கவில்லை. மையத்திலிருந்து தீயணைப்புத் துறைக்கு அழைப்பு போகவே சுமார் இருபது நிமிடங்களுக்கு மேலாயிற்று. கடலில் சென்றுகொண்டிருந்த கப்பல் ஒன்றிலிருந்து தீயைக் கண்டவர்கள் அதற்கு முன்பே தகவல் கொடுத்தனர். பணம் கொடுக்காமல் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில வெளியேறும் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. சுமார் 50 பேர் இறந்தனர். நுழைவுக் கட்டணத்தைக் காக்கப் போட்ட பூட்டு, உயிரைக் காக்க வேண்டிய கதவை அடைத்தது.

ராஜ்கோட்டுக்கும் அதற்கும் இடையே ஐம்பது ஆண்டுகள். ஆனால் சங்கிலி அறுந்த இடங்கள் ஒத்திருக்கின்றன. காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையின்படி, ராஜ்கோட் அரங்கம் இரண்டு மூன்று மாடி உயரமும், சுமார் 50 மீட்டர் அகலமும், 60 மீட்டர் நீளமும் கொண்ட தகரக் கட்டுமானம். அவ்வளவு பெரிய கூடத்தில் மேல்தளங்களில் இருந்தவர்கள் தப்பிக்கப் போதிய வழிகள் இருக்கவில்லை. கோ-கார்ட் வண்டிகளுக்கான எரிபொருளும் டயர்களும் அதே வளாகத்தில் இருந்தன. பார்வையாளர்கள் உள்ளே விளையாடிக்கொண்டிருந்தபோதே வெல்டிங் வேலை நடந்தது. தீப்பொறிகள் எளிதில் எரியும் பொருள்களின்மீது விழுவதையும், அங்கிருந்தவர்கள் தீயை அணைக்கப் போராடுவதையும் சிசிடிவி பதிவுகள் காட்டின. அவர்கள் ஓடிவிடவில்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். கையில் கிடைத்ததைக் கொண்டு போராடினார்கள். இறந்தவர்களில் அங்கு வேலை செய்தவர்களும் இருந்தனர்.

கட்டடத்தின் ‘தற்காலிகம்’

இவ்வளவு பெரிய அரங்கம் நகரின் நடுவே, தடையின்மைச் சான்று இல்லாமல் எப்படி இயங்க முடிந்தது? உயர் நீதிமன்றம் முதல் நாளிலேயே இந்தக் கேள்வியை எழுப்பியது. கட்டட ஒழுங்குமுறை விதிகளில் உள்ள ஓட்டைகளைப் பயன்படுத்தி இந்த அரங்குகள் இயங்கியதாக வெளிவந்த செய்திகளை அது சுட்டிக்காட்டியது. கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டினால் வரைபட ஒப்புதல், பயன்பாட்டு அனுமதி, தீயணைப்புச் சான்று என்று வரிசையாகக் கேட்பார்கள். இரும்புச் சட்டங்களை நட்டுத் தகரத்தை வேய்ந்தால் அது ‘கொட்டகை’ ஆகிவிடுகிறது. கொட்டகைக்கு யார் சான்று கேட்பார்கள்?

ஆனால் தீக்குக் கொட்டகைக்கும் மாளிகைக்கும் வேறுபாடு தெரியாது. உண்மையில் கொட்டகையே அதிக ஆபத்தானது. ‘தற்காலிகம்’ என்று பெயரிடப்பட்ட கட்டடத்துக்குத்தான் கூடுதல் கண்காணிப்பு தேவை. நம் விதிமுறைகளின் நடைமுறையோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 1984 மே 11 அன்று இதே பாடத்தை வேறொரு கேளிக்கைப் பூங்கா கற்பித்தது. ‘சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர்’ பூங்காவில் ‘பேய்க் கோட்டை’ என்ற இருட்டு வழி இருந்தது. சரக்கு வாகனப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து அதை உருவாக்கியிருந்தனர். அது தற்காலிகக் கட்டுமானம் என்று கருதப்பட்டதால் நிரந்தரக் கட்டடத்துக்குரிய பாதுகாப்பு விதிகள் அங்கு நடைமுறைக்கு வரவில்லை. தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. புகையை அறிந்து ஒலிக்கும் கருவிகளும் இல்லை. சுவரில் பொருத்தியிருந்த நுரைப்பஞ்சு பற்றிக்கொண்டபோது பதின்ம வயதினர் எட்டுப் பேர் உள்ளேயே இறந்தனர். பூங்கா நிறுவனம்மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டது. 1985-இல் நடுவர் குழு அதை விடுவித்தது. எனினும் அந்த எட்டு மரணங்களுக்குப் பிறகு, இத்தகைய கேளிக்கைக் கட்டடங்களைத் தனி வகையாகக் கருதி நீர்த்தெளிப்பானும் எச்சரிக்கை ஏற்பாடும் கட்டாயம் என்று அந்நாட்டுக் கட்டட விதிகள் வகுக்கப்பட்டன.

நம்மிடம் விதி இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மக்கள் கூடும் கட்டடங்களைத் தனிப் பிரிவாக வகுத்து, தீப்பாதுகாப்புக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியுள்ளது. குஜராத்தில் 2013 முதல் தீத் தடுப்பு, உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை தீயணைப்புச் சேவையை நகராட்சி அமைப்புகளின் பணிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. சட்டம் இருந்தும், சட்டத்துக்கு வெளியே ஒரு கட்டடத்தை நிறுத்தி வைக்க முடிந்ததே சிக்கல்.

அதிகாரிகளுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கும் இடமில்லை. ராஜ்கோட் அரங்கத்தின் அனுமதியற்ற கட்டுமானத்தை இடிப்பது தொடர்பாக மாநகராட்சி 2023 ஜூனிலேயே நடவடிக்கையைத் தொடங்கியிருந்தது. இடிக்கப்படவில்லை. 2023 செப்டம்பரில் அங்கு ஒரு சிறு தீ ஏற்பட்டு, தீயணைப்புத் துறையினரே சென்று வந்தனர். அதன் பிறகும் சான்று கேட்கப்படவில்லை. நாட்டில் எத்தனையோ நகரங்களில் ஏழைகளின் குடிசைகள் ‘ஆக்கிரமிப்பு’ என்ற பெயரில், பொருள்களை எடுத்துக்கொள்ளவும் அவகாசம் தராமல், ஒரே காலையில் இடிக்கப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். குடிசையை நோக்கி விரையும் அதே இயந்திரம், வணிக அரங்கின் வாசலில் ஓராண்டுக்காலம் நின்றுவிடுகிறது. சட்டத்தின் வேகம் கட்டடத்தைப் பார்த்து மாறுவதில்லை. கட்டடத்துக்கு உரியவர் யார் என்பதைப் பார்த்தே மாறுகிறது.

இன்னொரு நாளையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2019 மே 24 அன்று அதே குஜராத்தின் சூரத் நகரில், வணிக வளாகம் ஒன்றின் மேல்தளத்தில் விதிகளை மீறி எழுப்பப்பட்ட கட்டுமானத்தில் இயங்கிய பயிற்சி வகுப்பில் தீப்பிடித்து 22 மாணவர்கள் இறந்தனர். உயிர் தப்ப மாணவர்கள் மேலிருந்து குதித்த காட்சிகளை நாடு முழுவதும் பார்த்தது. அதற்கும் ராஜ்கோட்டுக்கும் இடையே சரியாக ஐந்து ஆண்டுகளும் ஒரு நாளும்.

தொழிலாளியின் ‘தற்காலிகம்’

கேளிக்கைப் பூங்காக்களிலும் வணிக வளாக விளையாட்டுக் கூடங்களிலும் வேலை செய்வோரில் பெரும்பாலோர் நிரந்தரப் பணியாளர்கள் அல்லர். விடுமுறைக் காலத்துக்கு மட்டும் சேர்க்கப்படும் இளைஞர்கள், ஒப்பந்ததாரர் வழியாக வரும் காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், நாள் கூலிக்கு அழைக்கப்படும் வெல்டர்கள், மின்பணியாளர்கள் ஆகியோரே அந்த இடங்களை இயக்குகிறார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே கட்டணம் கட்டுவதற்காக இந்த வேலைக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவர்களும் அவர்களில் உண்டு. துப்புரவு, சுமைப்பணி போன்ற வேலைகளில் தலித் மக்கள் குவிக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. எந்த வேலைக்கு ஊதியமும் மதிப்பும் குறைவோ, எந்த வேலையில் ஆபத்து அதிகமோ, அந்த வேலையை நோக்கிச் சாதி நம்மைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

மேலே சொன்ன ஐந்து கண்ணிகளும் இவர்களின் கைகளில்தான் ஒப்படைக்கப்பட்டுள்ளன. ஆனால் ஒரு வாரம் முன்பு வேலையில் சேர்ந்தவருக்கு எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று யாரும் காட்டுவதில்லை. தீயணைப்பானின் ஊசியை எப்படி இழுப்பது என்று சொல்லித் தருவதில்லை. மின்சாரத்தை எங்கே துண்டிப்பது, விளையாட்டை நிறுத்தி மக்களை வெளியேற்றும் அதிகாரம் யாருக்கு என்பவை எழுதி வைக்கப்படுவதில்லை. எழுதப்பட்டிருந்தாலும், ஒரு மணி நேர வருமானம் நின்றுபோகும்படி அரங்கைக் காலி செய்யச் சொல்லும் துணிவு ஒரு தற்காலிகப் பணியாளருக்கு எப்படி வரும்? தவறான எச்சரிக்கையாகிவிட்டால் மறுநாள் வேலை இருக்காது. வேலைப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் தீப்பாதுகாப்பும் இருக்காது என்பது இதனால்தான்.

வெல்டரின் நிலையையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். தீப்பொறி பறக்கும் வேலைக்கென உலகெங்கும் பின்பற்றப்படும் நடைமுறை உண்டு. வேலை தொடங்கும் முன் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். சுற்றிலும் 35 அடி, அதாவது சுமார் 11 மீட்டர் தொலைவுக்குள் எரியும் பொருள் இருக்கக் கூடாது. அகற்ற முடியாததைத் தீப்பற்றாத விரிப்பால் மூட வேண்டும். தீயணைப்பானுடன் ஒருவர் காவல் நிற்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அவர் அங்கேயே கண்காணிக்க வேண்டும். பொதுமக்கள் உள்ளே இருக்கும்போது அந்த வேலையே கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

இவற்றில் எதையும் நாள் கூலி வெல்டர் தானே ஏற்பாடு செய்ய முடியாது. அரங்கை மூடுவதும், பொருள்களை அகற்றுவதும், காவலாளை நிறுத்துவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. அவருக்குச் சொல்லப்படுவது ‘சீக்கிரம் முடி’ என்பது மட்டுமே. பிறகு ‘வெல்டிங் பொறியால் தீ’ என்ற தலைப்பு, அந்தக் கையையே காரணமாகக் காட்டுகிறது. பொறி ஒரு நிகழ்வு. அரங்கை மூடாமல் அந்த வேலையை நடத்திய முடிவே காரணம்.

பொறுப்பின் படிநிலை

சாதி என்பது மேல், கீழ் என்ற இரண்டு அடுக்குகள் மட்டும் கொண்டதன்று. அது படிப்படியாக இறங்கும் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். மேலே செல்லச் செல்ல மதிப்பு கூடும்; கீழே செல்லச் செல்ல இழிவு கூடும். நம் நாட்டின் பேரிடர்களில் பொறுப்பும் இதே போன்ற படிகளில் இறங்குவதைக் காணலாம். மேலே செல்லச் செல்லத் தண்டனை லேசாகிறது.

ராஜ்கோட்டில் நகரமைப்பு அலுவலரும் தலைமைத் தீயணைப்பு அலுவலரும் சிறை சென்றனர். இது முந்தைய வழக்குகளோடு ஒப்பிட்டால் முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. அலுவலர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஆனால் மாநகராட்சி ஆணையரும் காவல் ஆணையரும் இடமாற்றம் செய்யப்பட்டனர். ஒரே தவறுக்குக் கீழ்ப்படியில் சிறை, நடுப்படியில் பணியிடை நீக்கம், மேற்படியில் இடமாற்றம். அரங்கம் தொடங்கிய காலத்திலிருந்து பதவியில் இருந்த ஆணையர்களின் பொறுப்பையும் ஆராய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வலியுறுத்த வேண்டியிருந்ததே இந்தப் படிநிலைக்குச் சான்று.

டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தனர். கூடுதல் இருக்கைகளுக்காக வெளியேறும் வழி அடைக்கப்பட்டிருந்தது. இறந்தவர்களின் குடும்பத்தினர் சங்கமாகத் திரண்டு, பதினெட்டு ஆண்டுகள் போராடிய பிறகு, 2015-இல் உச்ச நீதிமன்றம் உரிமையாளர்கள் தலா ₹30 கோடி செலுத்தினால் மேற்கொண்டு சிறை செல்ல வேண்டியதில்லை என்றது. பின்னர் 2017-இல் அவர்களுள் ஒருவர் மட்டும் எஞ்சிய தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்றது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவு விதித்த உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியுள்ளது. ஆனால் படிகளில் மேலே இருப்பவரை வழக்குக்குள் கொண்டுவராத வரையில் ஆண்டுகளின் எண்ணிக்கையால் பயனில்லை.

இந்தப் படிநிலையைத் தலித் இயக்கங்கள் நன்கு அறியும். கழிவுநீர்த் தொட்டியில் ஒரு தொழிலாளி மூச்சுத்திணறி இறக்கும்போது என்ன நடக்கிறது? அவர் எங்கள் பணியாளர் அல்லர், ஒப்பந்ததாரரின் ஆள் என்று நகராட்சி சொல்கிறது. துணை ஒப்பந்ததாரரின் ஆள் என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார். அவரே விரும்பி இறங்கினார் என்று துணை ஒப்பந்ததாரர் சொல்கிறார். கடைசியில் ஒரு மேற்பார்வையாளர் கைதாகிறார். ‘தற்காலிகம்’ என்னும் சொல் இங்கேயும் கேடயமாகிறது.

எனினும் அந்தக் கேடயத்தை உடைத்த அனுபவமும் நம்மிடமே உள்ளது. சஃபாய் கர்மசாரி அந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் கழிவுநீர்ப் பணியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் ₹10 லட்சம் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அத்தொகையை ₹30 லட்சமாக உயர்த்தியது. அரசு எண்ண மறுத்த மரணங்களை ஊர் ஊராகச் சென்று எண்ணி, பெயர்களைப் பட்டியலிட்டு, நேரடியாக வேலைக்கு எடுத்தவர் யாராக இருந்தாலும் முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு என்று வாதிட்டதால் இது சாத்தியமாயிற்று. தீ மரணங்களிலும் இந்த வழிமுறையே தேவை.

‘தீ சாதி பார்ப்பதில்லையே?’

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ராஜ்கோட்டில் இறந்தவர்கள் பல சமூகத்தினர். நடுத்தர வர்க்கக் குழந்தைகளும் இறந்தனர். ஏன், அரங்கின் உரிமையாளர்களில் ஒருவரே அந்தத் தீயில் இறந்தார். பிறகு இதில் சாதியை ஏன் இழுக்க வேண்டும்?

இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரிப்பது நம் நோக்கமன்று. அந்த 27 பேருக்காகவும் நாம் ஒன்றுபோலவே துயரப்படுகிறோம். நாம் சொல்வது வேறு. சில மனிதர்களைப் பாதுகாப்பின்றி விட்டுவிடலாம் என்று ஏற்றுக்கொண்ட சமூகம், அந்தப் பழக்கத்தை அவர்களோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பயிற்சி வேண்டாம், வெல்டருக்குக் காவலாள் வேண்டாம், துப்புரவுப் பணியாளருக்கு அவசர வழி தெரியவேண்டாம் என்று மிச்சப்படுத்திய செலவு, கட்டணம் செலுத்தி உள்ளே வந்த குழந்தையின் உயிரிலும் கழிக்கப்படுகிறது.

ராஜ்கோட் தீக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2022 மே 13 அன்று, டெல்லி முண்ட்கா பகுதியில் சிசிடிவி கேமராக்கள் தயாரிக்கும் நிறுவனம் இயங்கிய கட்டடத்தில் தீப்பிடித்தது. அங்கும் 27 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பெண் தொழிலாளர்கள். அங்கும் தீயணைப்புச் சான்று இல்லை. போதிய வெளியேறும் வழி இல்லை. அந்த மரணங்களைக் கடுமையாக எடுத்துக்கொண்டு நாடு முழுவதும் கட்டடங்களைச் சோதித்திருந்தால் ராஜ்கோட் அரங்கம் 2024 வரை திறந்திருக்குமா? தொழிலாளர்கள் எரிந்தபோது அது தொழிற்பேட்டைச் செய்தியாக ஒதுக்கப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் மட்டும் நாட்டில் தீ விபத்துகளில் 7,400-க்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

1936-இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதி என்பது தொழிலாளர்களையே படிநிலையாகப் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் விளக்கினார். 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, வேலைநேரம், நலன், பாதுகாப்பு ஆகியவற்றை முதலாளியின் கருணையிலிருந்து சட்டத்தின் கடமைக்கு மாற்றவும் முயன்றார். சாதி எதிர்ப்பும் தொழிலாளர் பாதுகாப்பும் அவருக்கு ஒரே பணியின் இரு பக்கங்கள். தீப்பாதுகாப்பை நாம் அந்தத் தொடர்ச்சியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

ராஜ்கோட் தீக்குப் பிறகு குஜராத் அரசு கேளிக்கை அரங்குகளை மூடிச் சோதனையிட்டது; அவற்றுக்கெனத் தனிப் பாதுகாப்பு விதிகளை வகுக்கத் தொடங்கியது. பிற மாநிலங்களிலும் சோதனைகள் நடந்தன. சோதனைகள் தேவைதான். ஆனால் அவை அதிர்ச்சி தணியும் வரை மட்டுமே நீடிப்பவை. நிலையான மாற்றத்துக்கு நான்கு கோரிக்கைகள் அவசியம்.

முதலாவது, மக்கள் கூடும் இடத்துக்குத் ‘தற்காலிகக் கட்டுமானம்’ என்ற காரணத்தால் எந்த விலக்கும் கூடாது. கூரை எதனால் ஆனது என்பதை விடுத்து, உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்பதே அளவுகோலாக வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பணிநேரத்திலும் பயிற்சி பெற்ற, உரிய ஊதியம் பெறும் தீப்பாதுகாப்புப் பணியாளர்கள் இருக்க வேண்டும். அரங்கைக் காலி செய்ய ஆணையிடும் அதிகாரம் அவர்களுக்கு எழுத்துப்பூர்வமாக வழங்கப்பட வேண்டும். அவ்வாறு செய்ததற்காக யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வேண்டும்.

மூன்றாவது, இறந்த தொழிலாளியை வேலைக்கு எடுத்தவர் எந்த ஒப்பந்ததாரர் என்று தேடிக்கொண்டிருக்காமல், முதன்மை வேலையளிப்பவரைப் பொறுப்பாக்க வேண்டும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே ஒப்பந்ததாரரின் தொழிலாளிக்கு முதன்மை வேலையளிப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்று கூறியது. நூறாண்டுக்கு முன்பே ஏற்கப்பட்ட அந்தக் கோட்பாட்டைக் குற்றப் பொறுப்புக்கும் விரிவாக்குவதே நம் கோரிக்கை.

நான்காவது, தீயணைப்புத் துறையின் காலிப் பணியிடங்கள் நிரந்தர நியமனங்களால், இடஒதுக்கீட்டு விதிகளின்படி நிரப்பப்பட வேண்டும். பதினைந்தாவது நிதிக்குழு தீயணைப்புச் சேவைகளை நவீனமாக்க ₹5,000 கோடியைப் பரிந்துரைத்தது. அந்தப் பணம் வண்டிகளாக மட்டும் மாறினால் போதாது. வண்டியிலிருந்து இறங்கி நெருப்புக்குள் செல்ல மனிதர்கள் வேண்டும்.

இவை அரசிடம் கேட்பவை. நாமே செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் நகரில் உள்ள கேளிக்கைப் பூங்காக்கள், விளையாட்டுக் கூடங்கள், பொருட்காட்சித் திடல்கள் ஆகியவற்றில் எவற்றுக்குத் தீயணைப்புச் சான்று உள்ளது, அது எந்த நாள் வரை செல்லும், கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டாலே போதும். சில மாதங்களில் எந்த அரசுத் துறையும் வெளியிடாத பட்டியல் நம் கையில் இருக்கும். விடுமுறையில் அத்தகைய இடங்களில் வேலைக்குச் செல்லும் நண்பர்கள், முதல் நாளே மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: எத்தனை கதவுகள், அவை பூட்டப்பட்டுள்ளனவா, தீப்பிடித்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு மேலாளரிடம் பதில் இல்லையென்றால், அந்த அரங்கில் ஒரு கண்ணி ஏற்கெனவே அறுந்துவிட்டது என்று பொருள். அதை எழுதி வையுங்கள், நாள், நேரத்துடன் மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கு அனுப்புங்கள், நகலை வைத்திருங்கள். ராஜ்கோட்டில் மாநகராட்சியின் கோப்புக்குள் ஓராண்டு உறங்கிய இடிப்பு நடவடிக்கையைப் பற்றி வெளியே ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த ஊரில் அப்படி ஒரு கோப்பு உறங்கினால், அதைப் பற்றிக் கேட்பதற்கு நாம் இருக்க வேண்டும்.